சாக்கெட்டில் இருந்து சக்கரம் வரை: எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார் கேள்வி பதில்

எலெக்ட்ரிக் கார், பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வண்டியை ஓட்டும் சக்தி எங்கே கிளம்பி, எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது? அந்த வழி பிடிபட்டுவிட்டால் சாக்கெட் ஏன் உருகுகிறது, மலையில் ஏன் சார்ஜ் இறங்குகிறது என்பதெல்லாம் தனித்தனிப் புதிர்களாகத் தெரியாது. தேர்ந்தெடுத்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

காரில் 30 கிலோவாட் அவர் பேட்டரி என்கிறார்கள். பெட்ரோல் டேங்க் கணக்கில் இது எவ்வளவு?
(வாசகர், திண்டுக்கல்)

ஒரு கிலோவாட் அவர் என்பது நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். 30 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 30 யூனிட் பிடிக்கும் பாத்திரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் வெப்பசக்தி சுமார் 9 யூனிட். ஆக, தரையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் அத்தனை பெரிய பேட்டரியிலும் மூன்றரை லிட்டர் பெட்ரோல் அளவு சக்திகூட இல்லை.

அதை வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் எப்படி ஓடுகிறது? அதே அளவு பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல் குடிக்கும். அதாவது கிட்டத்தட்ட 120 யூனிட். அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது. மோட்டாரும் அதை ஓட்டும் மின்னணுப் பெட்டியும் சேர்ந்து வீணாக்குவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். பாத்திரம் சிறியது, ஆனால் ஒழுகல் குறைவு.

செலவுக் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பேட்டரிக்குள் 30 யூனிட் போக, வீட்டு மீட்டரில் 33, 34 யூனிட் ஓடும். மாற்றும் வேலையில் 10 முதல் 15 சதவீதம் வழியிலேயே போகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே அதிகம் என்றால் இந்த 300 யூனிட்டும் மேல்கட்ட விலையில்தான் வந்து விழும். அந்த விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

சாக்கெட்டில் சொருகியதில் இருந்து சக்கரம் சுற்றுவது வரை உள்ளே என்ன நடக்கிறது? மோட்டார் ஏசி என்கிறார்கள், பேட்டரி டிசி என்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.
(வாசகர், சேலம்)

கரண்ட் போகும் வழியிலேயே நாமும் போவோம்.

சுவர் சாக்கெட்டில் வருவது 230 வோல்ட் ஏசி, அதாவது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வரும் மின்சாரம். பேட்டரியில் ஒரே திசையில் ஓடும் டிசியைத்தான் ஏற்ற முடியும். ஆகவே நடுவில் மாற்றும் கருவி ஒன்று வேண்டும். அது காருக்குள்ளேயே இருக்கிறது, ஆன்போர்டு சார்ஜர் என்று பெயர். கேபிளில் தொங்கும் பெட்டியைத்தான் எல்லோரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது காவல்காரர் மட்டுமே. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இந்த லைனில் இத்தனை ஆம்பியர்தான் இழுக்கலாம் என்று மெல்லிய சிக்னல் ஒன்றால் காருக்குச் சொல்லும், கோளாறு தெரிந்தால் துண்டித்துவிடும். நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் நிஜமான சார்ஜர். மாற்றும் வேலையை அந்தப் பெரிய பெட்டியே முடித்து, பிளக்கின் கீழே இருக்கும் இரண்டு தடித்த முனைகள் வழியாக நேராகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆன்போர்டு சார்ஜருக்கு அங்கே வேலையே இல்லை.

பேட்டரி பேக் என்பது சின்னச் சின்ன செல்களின் வரிசை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட். 100 செல்லை வரிசையாகக் கோத்தால் 320 வோல்ட். ஏன் இவ்வளவு வோல்ட்? மேட்டில் ஏறும்போது மோட்டார் 60 கிலோவாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 320 வோல்ட்டில் 190 ஆம்பியர் போதும். பழைய காரைப் போல 12 வோல்ட்டில் கொடுக்கப் பார்த்தால் 5,000 ஆம்பியர் வேண்டும், அதற்கு ஏற்ற செம்புக் கம்பியைக் காரில் பொருத்தவே முடியாது.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையில் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுவதற்கு வீட்டில் வைத்திருக்கிறோமே, அடிப்படை வேலை அதேதான்: டிசியை ஏசியாக்குவது. ஆனால் இது மூன்று ஃபேஸ் ஏசி. உள்ளே இருக்கும் ஆறு மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி இந்த அலையை உண்டாக்குகின்றன. மோட்டாரின் வெளிச்சுற்றில் இந்த மூன்று அலையும் சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தை உருவாக்க, நடுவில் நிரந்தரக் காந்தம் பதித்த உருளை அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்பது இந்த அலையின் பலத்தைக் கூட்டச் சொல்வது. காலை எடுத்தால் வழி திரும்பிவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராகி, அதே இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப ஊட்டுகிறது.

வண்டியை ஆன் செய்யும்போது இருக்கைக்கு அடியில் 'டக், டக்' என்று இரண்டு மூன்று சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். அது பேட்டரியின் காண்டாக்டர், அதாவது பேட்டரியைக் காரோடு இணைக்கவும் துண்டிக்கவும் இருக்கும் பெரிய சுவிட்ச், மூடும் சத்தம். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் விட்டு இன்வெர்ட்டரில் கரண்டைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரை நிரப்பிய பிறகே பெரிய இணைப்பு மூடும். நேரடியாக மூடினால் எழும் தீப்பொறியில் காண்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும்.

அப்படியானால் எலெக்ட்ரிக் காரில் கியரே கிடையாதா?
(வாசகி, நாகர்கோவில்)

மாற்றும் கியர் கிடையாது, ஒரே ஒரு நிலையான கியர் உண்டு. பெட்ரோல் என்ஜின் 700, 800 சுற்றுக்குக் கீழே போனால் நின்றுவிடும். மோட்டாருக்குப் பூஜ்யத்திலேயே முழு இழுவை. பத்துக்கு ஒன்று என்ற கியர் விகிதத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அதையும் தாண்டிச் சுற்றக்கூடியது. பிறகு எதற்கு ஐந்து கியர்? அந்த ஒற்றை கியர் பெட்டியிலும் ஆயில் உண்டு என்பதை மட்டும் சர்வீஸில் நினைவுபடுத்துங்கள்.

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை, வண்டி உயிரற்றுக் கிடக்கிறது. 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது என்கிறார் மெக்கானிக். இத்தனை பெரிய பேட்டரி இருக்கும்போது அது எதற்கு?
(வாசகர், தஞ்சாவூர்)

மேலே சொன்ன காண்டாக்டர்தான் விடை. நிறுத்திப் பூட்டியதும் அது திறந்துகொள்ளும். பெரிய பேட்டரி தன் பெட்டிக்குள் தனியாக அடைபட்டுவிடும். விபத்து நடந்தாலும், யாராவது கேபிளைத் தொட்டாலும் ஆபத்து வராமல் இருக்க இந்த ஏற்பாடு. அதைத் திரும்ப மூட வைக்கும் காயிலுக்கு 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, டிஸ்ப்ளே, பிரேக் கணினி, மொபைல் ஆப்போடு பேசும் சிம் கார்டு யூனிட் எல்லாம் ஓடுவதும் 12 வோல்ட்டில்தான். வண்டி ஓடும்போது டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற கருவி பெரிய பேட்டரியில் இருந்து எடுத்து இந்தச் சின்னதை நிரப்புகிறது. பழைய காரில் டைனமோ செய்த வேலை. நிறுத்திய காரில் அது ஓடாது. சில மாடல்களில் கார் தானே அவ்வப்போது விழித்து நிரப்பிக்கொள்ளும், எல்லாவற்றிலும் இல்லை.

இரண்டு வாரத்தில் தீர்ந்தது இயல்பு இல்லை. பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகியிருக்கும், அல்லது எதுவோ உறிஞ்சுகிறது. பெரும்பாலும் பின்னால் பொருத்திய டேஷ் கேமரா, எந்நேரமும் கரண்ட் இருக்கும் வயரில் கோத்தது. அடுத்தது சரியாக மூடாத டிக்கி. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் நலம், 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. வண்டியை ஆன் செய்து 'ரெடி' விளக்கு வந்ததும் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு பேட்டரியில் இல்லை, கன்வெர்ட்டரில்.

உடனடிக்கு ஜம்ப் கேபிள் போடலாம். சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறங்கள். சிவப்பை முதலில் பாசிட்டிவில், கறுப்பைக் கடைசியில் பாடியின் உலோகத்தில் மாட்டுங்கள். 'ரெடி' வந்ததும் கழற்றிவிட்டு, அதே நிலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஆனால் உங்கள் எலெக்ட்ரிக் காரில் இருந்தோ ஹைப்ரிடில் இருந்தோ அடுத்தவரின் டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும், இந்தச் சின்னப் பேட்டரியும் கன்வெர்ட்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

வீட்டு 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் போட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் செய்கிறோம். பிளக் கறுத்து, ஒரு பக்கம் உருகியிருக்கிறது. சில நாள் சிவப்பு விளக்கு வந்து சார்ஜே ஏற மாட்டேன் என்கிறது. கார் கம்பெனியின் குறையா, வீட்டின் குறையா?
(வாசகி, மதுரை)

வீட்டின் குறைதான். இரண்டும் தனித்தனிக் கோளாறு. இன்றிரவு அந்த சாக்கெட்டில் சார்ஜ் போட வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

உருகியது ஏன்? கெய்சரும் அயர்ன் பாக்ஸும் அரை மணி நேரம் ஓடி நிற்கும். கார் பத்து மணி நேரம் இடைவிடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கிறது. சாக்கெட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்தோ ஸ்க்ரூ லூசாகியோ வெறும் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலே போதும்: 15 × 15 × 0.1 = 22.5 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டுத் தூங்குவது போன்றது இது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால் இப்படி இன்னும் நான்கு இணைப்பு கூடுகிறது, ஆகவே கூடவே கூடாது.

சரியான ஏற்பாடு இது. மீட்டர் போர்டில் இருந்து காருக்கென்றே தனி லைன், வழியில் வேறு எதுவும் கிளை பிரியக் கூடாது. 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், அதே அளவில் எர்த் வயர், 20 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). முனையில் சாதாரண சாக்கெட்டுக்குப் பதில், கம்பெனிகளில் பயன்படும் நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடலாம். உங்கள் சார்ஜர் கேபிளுக்கு அதற்கேற்ற பிளக் உண்டா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். போட்ட முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும். காரில் ஆம்பியர் குறைக்கும் வசதி இருந்தால் 10-க்கு இறக்குங்கள். நேரம் கூடும், சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சிவப்பு விளக்கு எர்த் கோளாறு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஐந்து வோல்ட்டுக்கும் கீழே காட்ட வேண்டும். இருபது, முப்பது காட்டினால் எர்த் சரியில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்து போவதால்தான் 'சில நாள்' மட்டும் வருகிறது. தற்காலிகமாகக் குழியில் தண்ணீர் ஊற்றலாம், நிரந்தரத்துக்குப் புதிய எர்த் அடித்து, அளந்து, 5 ஓமுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டிலேயே எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். சிவப்பு விளக்கு அணைந்துவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் என்றாவது நியூட்ரல் வயர் அறுந்தால் காரின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர் உயிர் போகும். அப்படிச் செய்திருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: அது 32 ஆம்பியர். குறைந்தது 6 ஸ்கொயர் எம்எம் வயர், தூரம் 25 மீட்டர் தாண்டினால் 10, எம்சிபி 40 ஆம்பியர். அதற்கு முன்னால் இ.பி. அலுவலகத்தில் வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் கூட்டி வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு எலெக்ட்ரிக் காரில் ஏறினால் சார்ஜ் தடதடவென்று இறங்குகிறது. இறங்கும்போது எல்லாம் திரும்பிவிடும் என்கிறார்கள், திரும்புவதில்லையே? ஹைப்ரிட் வண்டி இங்கே எப்படி?
(வாசகர், கோயம்புத்தூர்)

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. ஏற்றம் 1,900 மீட்டர். நான்கு பேரோடு கார் 1,700 கிலோ என்று வைத்தால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8.8 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர் இழப்போடு பேட்டரியில் இருந்து 10 யூனிட். 50 கிலோமீட்டர் சமதளத்தில் உருண்டாலே ஆகும் செலவு 5 யூனிட். மொத்தம் 15. பேட்டரி 30 யூனிட் என்றால் சரிபாதி. இது காரின் குறை இல்லை, மலையின் உயரம். அடிவாரத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

இறங்கும்போது அதே 8.8 யூனிட் மலை நமக்குத் தருகிறது. அதில் பாதியை டயர் உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ளும். எப்படியும் வண்டி 50 கிலோமீட்டர் ஓட வேண்டுமே. மீதியை மோட்டார் கரண்டாக்கிப் பேட்டரியில் போடும்போதும் இழப்பு உண்டு. கையில் நிற்பது 2 முதல் 3 யூனிட். ஆக, இறக்கம் இலவசம், அதற்கு மேல் பத்து சதவீதம் அன்பளிப்பு. ஏறியதெல்லாம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முக்கியமானது வேறு. ஊட்டியில் ஓட்டலில் ராத்திரி 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி கரண்டை வாங்காது. மோட்டார் பிடித்து நிறுத்தும் அந்த இழுவை கிடைக்காமல், குன்னூர் வரை பிரேக் ஷூவும் டிஸ்க்கும் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டிவரும். சூடேறினால் பிரேக் பிடிப்பு குறையும். 80, 85-ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிடில் இந்தப் பிரச்சினை எல்லா நாளும் வரும். டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் போன்ற வண்டியின் பேட்டரி 0.76 யூனிட்தான், அதிலும் பாதி அளவைத்தான் வண்டி ஏற்றி இறக்கிப் பயன்படுத்தும். கொண்டை ஊசி வளைவுகளில் 150, 200 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் அது நிரம்பிவிடும். இன்னும் 1,700 மீட்டர் பாக்கி இருக்கும். அதனால்தான் கியர் லீவரில் 'B' என்ற நிலை (பார்க்கிங்குக்கான 'P' இல்லை) வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் பெட்ரோல் ஊற்றாமலே என்ஜினைச் சுற்றவைத்து, அந்த இழுவையால் வண்டியைப் பிடிக்கும். என்ஜின் திடீரென்று உறுமும் சத்தம் கேட்டுப் பலர் பயந்து 'D'-க்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம், அது பிரேக்கைக் காப்பாற்றும் சத்தம்.

ஷோரூமில் இரண்டு வண்டியையும் ஹைப்ரிட் என்றே சொல்கிறார்கள். விலையில் பல லட்சம் வித்தியாசம். எது நிஜம்?
(வாசகர், திருநெல்வேலி)

ஒரே கேள்வி கேளுங்கள்: 'என்ஜின் அணைந்திருக்கும்போது வண்டி தானாக நகருமா?' நகராது என்றால் மைல்டு ஹைப்ரிட். மாருதியின் எர்டிகா போன்ற வண்டிகளில் வரும் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' இந்த வகை. டைனமோ இருந்த இடத்தில், பெல்ட்டில் கோத்த சற்றே பெரிய மோட்டார். சிக்னலில் என்ஜினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும், பிரேக் போடும்போது கொஞ்சம் சேமிக்கும். மைலேஜில் சிறிது முன்னேற்றம் உண்டு. கெட்ட ஏற்பாடு இல்லை, ஆனால் அதை எலெக்ட்ரிக் ஓட்டம் என்று நினைத்து வாங்கக் கூடாது.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு பிராணி. டொயோட்டாவின் ஹைகிராஸ், ஹைரைடர், மாருதியின் கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி இவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்களில் உயர் வோல்ட் பேட்டரியும், ஒரு மோட்டாரும், அதோடு ஒரு ஜெனரேட்டரும் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் வந்தபோது டொயோட்டா கொண்டுவந்த வடிவம்தான் இன்றும் அடிப்படை: ஒரு கோள் கியர் தொகுதி. நடுப் பல்சக்கரத்தில் ஜெனரேட்டர், அதைச் சுற்றும் சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் என்ஜின், வெளி வளையத்தில் பெரிய மோட்டாரும் சக்கரங்களும். என்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை எப்போதும் ஒரே விகிதத்தில் பிரியும். பழைய பிரியஸில் 72 பங்கு சக்கரத்துக்கு, 28 பங்கு ஜெனரேட்டருக்கு. ஜெனரேட்டர் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை மாற்றினாலே என்ஜின் வேகம் மாறிவிடும். அதனால் இதில் கிளட்ச், கியர் மாற்றும் பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ நான்கும் கிடையாது. 'இ-சிவிடி' என்று எழுதியிருந்தாலும் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் உள்ளே இல்லை.

ஹோண்டாவின் வழி வேறு. ஊருக்குள் என்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும், சக்கரத்தை மோட்டார் ஓட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் மூடி என்ஜின் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

மேலே சொன்னவற்றில் எந்த வகையானாலும் சக்தி முழுக்கப் பெட்ரோலில் இருந்துதான் வருகிறது, வெளியே இருந்து ஒரு யூனிட்கூட ஏறுவதில்லை. லாபம் எங்கே என்றால், நின்று நின்று போகும் போக்குவரத்தில் பிரேக்கில் வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடிப்பதிலும், என்ஜின் திணறும் மெதுவான வேகத்தில் அதை அணைத்துவிடுவதிலும். ஆகவே திருநெல்வேலி டவுனுக்குள் தினமும் ஓட்டுகிறவருக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் மைலேஜ் அள்ளும். மதுரை நான்குவழிச் சாலையில் 100-ல் ஒரே சீராக ஓட்டுகிறவருக்கு அந்தப் பல லட்சம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

தினமும் 80 சதவீதமா, 100 சதவீதமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகி, திருச்சி)

இரண்டு பேரும் அவரவர் பேட்டரிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகை, நிரம்பிய நிலையில் 4.2 வோல்ட்டில் நிற்கும்போது, அதிலும் நம் ஊர் வெயிலில், சீக்கிரம் மூப்படையும். அதற்கு அன்றாடம் 80 போதும், பயணத்தன்று காலையில் 100. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு அந்தப் பயம் குறைவு, வேறு ஒரு சிக்கல் உண்டு. 30-ல் இருந்து 80 சதவீதம் வரை அதன் வோல்ட் கிட்டத்தட்ட அசையவே அசையாது. வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாமல் பேட்டரியின் கணினி நாளடைவில் தப்புக் கணக்குப் போடும். 20 காட்டிக்கொண்டிருந்தது திடீரென 5 ஆகும். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றி விட்டால் கணக்கும் திருந்தும், செல்களும் சமமாகும். எந்த வகை என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் இரண்டு வகைக்குமே பாதி அளவு நல்லது.

வெள்ளத்தில் எலெக்ட்ரிக் கார் முழங்கால் அளவு தண்ணீரில் ராத்திரி முழுக்க நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யலாமா?
(வாசகர், வேளச்சேரி, சென்னை)

வேண்டாம். சார்ஜிலும் போடாதீர்கள்.

பேட்டரிப் பெட்டி ஐபி67 என்று எழுதியிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் நின்றாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். ராத்திரி முழுக்க என்பது அதில் அடங்காது. சோதனையில் தாங்கியது புதுப் பெட்டி. வேகத்தடையில் இரண்டு தடவை அடி வாங்கிய பெட்டியின் ரப்பர் சீலுக்கு அந்த உறுதி இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போலச் சாக்கடையும் கலந்த தண்ணீர் என்றால், அது நன்றாகவே கரண்ட் கடத்தும்.

ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மோட்டார் இணைந்த சக்கரம் தரையில் உருண்டால், நிரந்தரக் காந்த மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்து நனைந்த இன்வெர்ட்டருக்கு அனுப்பும். அதுவரை வண்டியை வீட்டை ஒட்டியோ பேஸ்மென்ட்டிலோ வைக்காமல் வெட்டவெளியில் வையுங்கள். உள்ளே புகுந்த நீர் செல்களை அரித்து, சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். சீறும் சத்தம், இனிப்பும் நெடியும் கலந்த வாடை, பெட்டியில் இருந்து புகை, இவற்றில் எது தெரிந்தாலும் விலகி நின்று 101-ஐ அழையுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொட வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் 'இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு?', அதாவது உயர் வோல்ட் கரண்ட் பாடிக்குக் கசியாமல் தடுக்கும் தடை எவ்வளவு என்று கேட்டு, எண்ணை எழுதி வாங்குங்கள். விதிப்படி டிசி பக்கம் வோல்ட்டுக்கு 100 ஓமுக்குக் குறையக் கூடாது, 320 வோல்ட் பேக்குக்கு 32,000 ஓம். நல்ல வண்டியில் இது மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) கணக்கில் இருக்கும். விளிம்பில் இருந்தால் 'பாஸ்' என்று சொல்வதை ஏற்காமல், பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களிடம் ஜப்பானில் இருந்து பாவித்து வந்த டொயோட்டா அக்வா இருக்கிறது. ஹைப்ரிட் பேட்டரி பழுது என்று விளக்கு எரிகிறது. ஒரு மொடியூல் மட்டும் மாற்றினால் போதும், குறைந்த செலவு என்கிறார் வாகனம் திருத்துபவர். நம்பலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இலங்கையில் இந்த வண்டி ஏராளம் என்பதால் விரிவாகவே சொல்கிறோம். முதல் தலைமுறை அக்வாவின் பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட் மொடியூல் (செல்களின் கட்டு) 20 வரிசையாக, மொத்தம் 144 வோல்ட். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல், 201.6 வோல்ட். கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து அளக்கும். ஒரு சோடி மற்றவற்றைவிட அதிகம் தாழ்ந்தால் 'P0A80' என்ற குறி எழுந்து விளக்கு எரியும்.

ஒன்றை மட்டும் மாற்றினால் விளக்கு அணையும் என்பது உண்மை. ஆனால் மீதி 19-ம் அதே வயது, அதே வெப்பத்தில் இருந்தவை. புதிதாக வந்தது அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், சில மாதத்தில் அடுத்த பலவீனமான மொடியூல் விழும், இன்னொரு தடவை கூலி. ஒவ்வொரு மொடியூலிலும் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்ப் போட்டு இரண்டு நிமிடம் எரியவிட்டு, எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று 20-க்கும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுதான் தனியாக விழுகிறது, மற்றவை நெருக்கமாக நிற்கின்றன என்றால் அந்த ஒன்றை, ஒத்த திறனுள்ள மொடியூலால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் எல்லாவற்றையும் சமமாகச் சார்ஜ் செய்துவிட்டே திரும்பக் கோக்க வேண்டும். நான்கைந்து தாழ்ந்திருந்தால் முழு பேக்குக்குப் பணம் சேர்ப்பதே சிக்கனம்.

அதற்கு முன் இரண்டு இடம் பார்க்கச் சொல்லுங்கள், சில வேளை அங்கேயே முடிந்துவிடும். ஒன்று, மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகள். கடற்காற்றில் பச்சை பிடித்துத் தடை கூடி, நல்ல மொடியூலையே கெட்டதாகக் காட்டும். மற்றது, பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றாடி. அது பின் இருக்கையின் அருகே உள்ள துவாரம் வழியாக அறைக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. அதில் தூசும் நாய் முடியும் அடைத்து, அல்லது யாராவது துணிப் பையை வைத்து மூடி, பேட்டரி வெந்து போவதைத்தான் இந்த வண்டிகளில் அதிகம் காண்கிறோம். புது பேக் போட்டாலும் இதைச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவும் அதே வழிதான் போகும்.

பெட்டியைத் திறக்கும் முன் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு வேலை செய்கிறாரா என்று பாருங்கள். இன்வெர்ட்டரின் கெபாசிட்டர் வடிவதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம். பிளக் கழன்ற பின்னும் மொடியூல் வரிசையில் வோல்ட் அப்படியேதான் நிற்கும், ஆகவே கையுறை கடைசித் திருகு வரை கழலக் கூடாது.